ஒரு கோப்புறையில் இரண்டு கோணாவத்தை

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிவுக்கு வந்தது. விண்டோஸ் 11க்கு மாறலாமென்றால் டீ.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கும். புரோசசரும் மைக்ரோசொஃப்ட்டின் பட்டியலில் இருக்கவேண்டும். 2017க்கு முந்திய இன்டெல் புரோசசர்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. லெப்டொப் நன்றாகத்தான் ஓடுகிறது. புதிதாக ஒன்று வாங்க லட்சத்துக்கு மேல் வேண்டும். ஆகவே பழைய மெஷினிலேயே உபுண்டு, மின்ட் என்று ஏதாவதொரு லினக்ஸை ஏற்றிக்கொள்வது பலருக்குக் கைக்கெட்டிய வழியாகிவிட்டது. நல்ல வழிதான். ஆனால் மாறிய முதல் வாரத்திலேயே ஒரு முறைப்பாடு வரும்.

"சேர், படம் ஒண்டும் வருகுதில்ல. மாத்தின பிறகு எல்லாம் அழிஞ்சி போச்சி போல."

அட்டாளைச்சேனைப் பாடசாலையொன்றின் இல்ல விளையாட்டுப் போட்டியை எடுத்துக்கொள்வோம். அணிநடை, அஞ்சலோட்டம், பரிசளிப்பு எல்லாவற்றையும் ஒரு கமெராவில் பிடித்தாயிற்று. உயர்தர மாணவர் ஒருவர் அவற்றைக் கோத்து, விண்டோஸ் லெப்டொப்பில் ஓர் இணையப்பக்கம் செய்தார். அங்கே எல்லாம் சரியாகத் தெரிந்தது. அதே கோப்புறையை லினக்ஸில் திறந்தால் எழுத்து வருகிறது, படம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கட்டம். கோப்புறைக்குள் போய்ப் பார்த்தால் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் திறந்தால் திறக்கின்றன. பக்கத்தில் மட்டும் வருவதில்லை.

கமெரா அந்தப் படத்துக்கு வைத்த பெயர் டி.எஸ்.சி, ஓர் அடிக்கோடு, 0412, புள்ளி, ஜே.பி.ஜி. எல்லா எழுத்தும் கெப்பிட்டல். டிஜிட்டல் கமெராக்கள் கோப்புக்குப் பெயர் வைக்கும் முறை 1998இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட டி.சி.எஃப் என்ற நியமத்தைப் பின்பற்றுகிறது. முன்னே நான்கு எழுத்து, பின்னே நான்கு இலக்கம், எல்லாம் கெப்பிட்டல் என்பது அதன் விதி. பக்கத்தை எழுதிய மாணவரோ பழக்கத்தில் அத்தனையையும் சிம்பிளில் தட்டியிருக்கிறார். விண்டோஸுக்கு இரண்டும் ஒரே பெயர். லினக்ஸுக்கு இரண்டும் இரண்டு பெயர். கேட்ட பெயரில் கோப்பு இல்லை என்று அது சொல்கிறது. படம் அழியவுமில்லை, கெடவுமில்லை.

இதே பிழை வேறோர் இடத்தில் இன்னும் அதிகம் வரும். வீட்டில் விண்டோஸில் சரியாக ஓடிய தளத்தை ஏதோவொரு நிறுவனத்தின் சேர்வரில் ஏற்றியதும் படங்கள் காணாமற் போகும். உலகின் இணையச் சேர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது லினக்ஸில் அல்லவா?

ஒரே எழுத்தின் இரண்டு உருவங்களைக் கணினி ஏன் இரண்டாகப் பார்க்கிறது? அதற்கு எழுத்து என்றாலே ஓர் எண்தான். 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கி நியமம் கெப்பிட்டல் எழுத்துகளுக்கு மட்டும் எண் கொடுத்தது. அக்காலத் தொலையச்சு இயந்திரங்களில் பலவற்றுக்கு, பெயர்பெற்ற டெலிடைப் 33 உட்பட, சிம்பிள் எழுத்தே கிடையாது. 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சிம்பிள் எழுத்துகள் உள்ளே வந்தன. கெப்பிட்டல் ஏ 65, சிம்பிள் ஏ 97. கெப்பிட்டல் பி 66, சிம்பிள் பி 98. எந்த எழுத்தை எடுத்தாலும் இடைவெளி 32. ஈரெண் முறையில் 32 என்பது ஒரேயொரு பிட். அந்த ஒற்றைப் பிட்டைத் திருப்பினால் கெப்பிட்டல் சிம்பிளாகிவிடும். அவ்வளவு அழகாக அடுக்கியிருந்தும், கணினிக்கு 65 வேறு, 97 வேறுதான்.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிட்சியும் 1969 தொடங்கி யுனிக்ஸை உருவாக்கியபோது, கோப்பின் பெயரை வெறும் பைட் வரிசையாக வைத்தார்கள். பைட் ஒத்தால் பெயர் ஒத்தது. லினக்ஸ் அந்த வழியில் வந்தது. எம்.எஸ்.டொஸ் வேறு வழியில் போயிற்று: எதைத் தட்டினாலும் கெப்பிட்டலாக்கி, எட்டு எழுத்துப் பெயரும் மூன்றெழுத்து வாலுமாகச் சேமித்தது. விண்டோஸ் 95 நீண்ட பெயர்களை ஏற்றது, தட்டியபடியே வைத்தும்கொண்டது. ஆனால் ஒப்பிடும்போது மட்டும் கெப்பிட்டல், சிம்பிள் வேறுபாட்டைக் கவனியாமல் விட்டது. இன்றுவரை விண்டோஸின் வழமை இதுதான்.

விண்டோஸ் இதை எப்படிச் செய்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம், அதனால் கொஞ்சம் நிற்கிறேன். 1993இல் விண்டோஸ் என்.டி.யோடு வந்த என்.டி.எஃப்.எஸ் கோப்பு முறைமையில், டிஸ்க்கை ஃபோர்மட் செய்யும்போதே ஓர் அட்டவணை அந்த டிஸ்க்குக்குள் எழுதப்படுகிறது. அதில் 65,536 பதிவுகள், ஒவ்வொன்றும் இரண்டு பைட், மொத்தம் 128 கிலோபைட். ஒவ்வொரு பதிவும் ஒரே கேள்விக்கு விடை: இந்த எண்ணுக்குரிய எழுத்தின் கெப்பிட்டல் எது? 97ஐக் கேட்டால் 65 என்று வரும். தமிழ்க் 'க'வின் எண் 2965. கேட்டால் 2965 என்றே வரும், தமிழுக்குக் கெப்பிட்டல் இல்லையே. இந்த அட்டவணை இயங்குதளத்தோடு மட்டும் இருப்பதில்லை, டிஸ்க்கிலேயே இருக்கிறது. விண்டோஸ் எத்தனை தடவை அப்டேட் ஆனாலும் அந்த டிஸ்க்கில் எந்தப் பெயரும் எந்தப் பெயரும் ஒன்று என்று முடிவு செய்வது ஃபோர்மட் செய்த அன்று எழுதிய விதி. பின்னால் வரும் கதைக்கு இதை நினைவில் வைத்திருங்கள்.

தமிழுக்குக் கெப்பிட்டல் இல்லை என்றேன். யுனிகோட் தமிழுக்கு அது சரி. ஆனால் இலங்கையில் பல வருடங்களாக அச்சகமும் அலுவலகமும் பாடசாலையும் பாமினி எழுத்துருவில்தான் தட்டின, இன்னும் தட்டுகின்றன. பாமினி ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் உருவங்களை ஏற்றிவைத்த எழுத்துரு. அதில் சிம்பிள் எஃப் தட்டினால் 'க', கெப்பிட்டல் எஃப் தட்டினால் 'கு'. சிம்பிள் ஜீ 'ப', கெப்பிட்டல் ஜீ 'பு'. 'கடை' என்று எழுத எஃப், ஐ, எல் மூன்றையும் சிம்பிளில் தட்டவேண்டும். எஃப்பை மட்டும் கெப்பிட்டலாக்கினால் 'குடை'. 'பள்ளி'யும் 'புள்ளி'யும் அப்படியே, முதல் எழுத்தில் ஒரு பிட் வேறுபாடு.

வேர்ட் ஆவணத்தின் தொடக்கச் சொற்களையே கோப்பின் பெயராக முன்வைக்கும். பாமினியில் தட்டிய ஆவணம் என்றால் அந்தப் பெயர் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் திரையில் நிற்கும். பலரும் அதை மாற்றுவதில்லை. அப்படியொரு சேகரிப்பை லினக்ஸில் பிரித்து ஒழுங்குபடுத்தி, ஒரே கோப்புறையில் 'கடை' ஒன்றும் 'குடை' ஒன்றும் வைத்தீர்கள் என்று வையுங்கள். லினக்ஸில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிம்மதியாக இருக்கும். அந்தக் கோப்புறையை விண்டோஸுக்குக் கொப்பி பண்ணினால், 'இதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே உண்டு, மாற்றீடு செய்யவா?' என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தினால் ஒன்று போய்விடும். 'பள்ளி' என்று பெயரிட்ட பள்ளிவாசல் நிருவாகக் கடிதமும் 'புள்ளி' என்று பெயரிட்ட மாணவர் புள்ளிப் பட்டியலும் ஒன்றையொன்று அழிப்பது இப்படித்தான். இந்த அத்தியாயத்தில் உண்மையிலேயே தரவு அழிகின்ற இடம் இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் கோப்பு இருக்கும், கூப்பிட்ட பெயருக்கு வராது, அவ்வளவுதான். மாற்றீடு செய்யவா என்ற கேள்வி வந்தால், இரண்டையும் வைத்துக்கொள்ளும் தெரிவை அழுத்துங்கள். பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்.

யுனிகோடுக்கு மாறிவிட்டால் தொல்லை தீர்ந்ததா? தீரவில்லை, வேறு உருவில் வந்தது.

அம்பாறைக் கரையோர ஊர்களின் பெயர்களில் ஒவ்வொரு கோப்புறை போடுங்கள்: கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, கோணாவத்தை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். இவற்றில் மூன்று பெயர்கள் மட்டும் ஆபத்தானவை: கோணாவத்தை, திருக்கோவில், பொத்துவில். மற்றவை எந்தக் கணினிக்குப் போனாலும் அப்படியே போய்ச் சேரும்.

காரணம் 'ொ', 'ோ' என்ற இரண்டு குறிகள். யுனிகோடில் 'ோ' என்பதற்கு 3019 என்ற தனி எண் உண்டு. அதையே 'ே' (3015), 'ா' (3006) என்ற இரண்டு குறிகளை அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றுதான் என்று யுனிகோட் நியமமே சொல்கிறது. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒரே மாதிரித் தெரியும். தமிழில் இப்படி இரண்டு விதமாக எழுதக்கூடியவை நான்குதான்: ொ, ோ, ௌ, ஔ.

கோணாவத்தை என்ற பெயரின் எண் வரிசை இது: 2965, 3019, 2979, 3006, 2997, 2980, 3021, 2980, 3016. ஒன்பது எண்கள். பிரித்து எழுதினால் 2965, 3015, 3006, 2979 என்று தொடங்கி, எண்கள் பத்தாகும். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ் எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும் என்பதால் முதலாவது 27 பைட், இரண்டாவது 30 பைட். பைட்டை மட்டும் பார்க்கும் லினக்ஸுக்கு இவை இரண்டு ஊர்கள். என்.டி.எஃப்.எஸ்ஸும் இதில் உதவாது. அதன் 128 கிலோபைட் அட்டவணைக்குக் கெப்பிட்டல் தெரியும், கூட்டுக்குறி தெரியாது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே கோப்புறைக்குள் இரண்டு கோணாவத்தையை நீங்கள் வைக்கலாம். கண்ணால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எது எதென்று பிரிக்கமுடியாது.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வருகிறது? ஒரு வாசல் பாமினிதான். அதில் 'கோ' என்று எழுத இரட்டைக்கொம்பு, க, அரவு என மூன்று தட்டு. அதை யுனிகோடாக மாற்றும் மென்பொருள் குறிகளின் வரிசையை மட்டும் திருத்திவிட்டு, இரண்டையும் ஒன்றாக்க மறந்தால் பிரிந்த வடிவம் மிஞ்சும். இன்னொரு வாசல் அப்பிள். 1998இல் மெக் ஓ.எஸ் 8.1உடன் வந்த எச்.எஃப்.எஸ் பிளஸ், எந்தப் பெயரைக் கொடுத்தாலும் பிரித்தே சேமிக்கும். மெக்குக்குள் இருக்கும்வரை பிரச்சினையில்லை. எப்படிக் கேட்டாலும் பிரித்துப் பார்த்துத்தான் தேடும். அந்தக் கோப்புறையைச் சுருக்கி லினக்ஸ் சேர்வருக்கு அனுப்பினால் தெரியும். பத்து ஊர்ப் பக்கங்களில் ஏழு திறக்கும், மூன்று திறக்காது. காரணம் தெரியாதவருக்கு அந்த மூன்றுக்கும் இடையில் என்ன பொது என்றே பிடிபடாது.

அதுதான் இங்கே முதல் துப்பு. ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் சரியாகி, சில தமிழ்ப் பெயர்கள் மட்டும் தவறினால், தவறியவற்றில் கொம்பும் அரவும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

அப்பிளும் ஒரு கட்டத்தில் இந்த இடத்தில் தடுமாறிற்று. 2017 மார்ச்சில் ஐ.ஓ.எஸ் 10.3 அப்டேட் ஐஃபோன்களின் கோப்பு முறைமையையே ஏ.பி.எஃப்.எஸ் என்ற புதியதாக மாற்றியது. புதியது பெயரைப் பிரிக்கவில்லை, கொடுத்தபடி வைத்தது. ஆனால் ஒப்பிடும்போதும் பைட்டையே பார்த்தது. இத்தனை வருடம் ஒன்றாக இருந்த இரண்டு வடிவங்கள் ஒரே அப்டேட்டில் வெவ்வேறாகிவிட்டன. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த ஐ.ஓ.எஸ் 11உம் மெக் ஓ.எஸ் ஹை சியராவும் கொடுத்தபடி வைத்து, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும் முறைக்கு வந்தன. எனக்கு இதுதான் சரியான முறையாகப் படுகிறது. மனிதர் வைத்த பெயரை இயந்திரம் மாற்றி எழுதக்கூடாது. அதேவேளை மனிதர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை இரண்டு என்று சொல்லி அவரை அலைக்கழிக்கவும் கூடாது.

'மௌலவி' என்ற சொல் இன்னொரு வகைத் தொல்லை. எங்கள் பகுதிப் பாடசாலைகளிலும் மத்ரசாக்களிலும் இந்தச் சொல் இல்லாத கோப்புறை அரிது. சரியாகத் தட்டினால் 'ௌ' என்ற ஒரே குறி, எண் 3020. பலர் 'ெ' என்ற கொம்பையும் 'ள' என்ற எழுத்தையும் அடுத்தடுத்துத் தட்டி 'மெளலவி' என்று எழுதிவிடுகிறார்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரிவதேயில்லை. இது யுனிகோட் ஒன்றென்று ஏற்ற மாற்றுவடிவம் அல்ல, வேறொரு எழுத்து. ஆகவே ஏ.பி.எஃப்.எஸ் உட்பட எந்தக் கோப்பு முறைமையும் இதை ஒன்றாக்காது. எழுதுபவர்தான் திருத்தவேண்டும்.

இனி அந்த லினக்ஸ் கதை.

பைட்டை மட்டும் பார்ப்பேன் என்று இருந்த லினக்ஸ், 2019 ஜூலையில் வந்த 5.2 கேர்னலில் ஒரு வசதியைச் சேர்த்தது. விரும்பிய கோப்புறையில் மட்டும் கெப்பிட்டல், சிம்பிள் வேறுபாட்டைக் கவனியாமல் விடலாம். எக்ஸ்ட்4 முறைமைக்கு அதைச் செய்தவர் கேப்ரியல் கிறிஸ்மன் பேர்த்தாசி. அதே ஆண்டில் எஃப்2எஃப்எஸ் என்ற முறைமைக்கும் அது வந்தது. எஃப்2எஃப்எஸ் பல அன்ட்ரொயிட் போன்களின் சேமிப்பில் இருக்கிறது. வட்ஸ்அப் படங்கள் கிடக்கும் போன் சேமிப்புக்குப் பெயர் ஒப்பிடும்போது கெப்பிட்டலும் சிம்பிளும் ஒன்று. அன்ட்ரொயிட் லினக்ஸின்மீது நின்றாலும் அந்த இடத்தில் விண்டோஸின் வழக்கத்தைப் பின்பற்றுகிறது.

இது வேலை செய்யும் விதம் நுட்பமானது. ஆயிரக்கணக்கான கோப்புள்ள கோப்புறையில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேடினால் நேரமெடுக்கும். அதனால் பெயரை முதலில் ஒரு பொது வடிவுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் சிம்பிளாக்கி, கூட்டுக்குறிகளைப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கி, அந்த வடிவிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிடுவார்கள். ஹாஷ் என்பது அது. தபாற்கந்தோரில் வீதிவாரியாகத் தட்டுப் பிரித்துக் கடிதங்களை அடுக்குவதுபோல, அந்த எண் காட்டும் இடத்தில் கோப்பின் பதிவு வைக்கப்படும். தேடும்போதும் அதே கணக்கு, அதே தட்டு.

கண்ணுக்குத் தெரியாத குறிகள் என்றேன். 8204, 8205 என்ற எண்களில் இரண்டு உண்டு. முதலாவது அடுத்தடுத்த எழுத்துகள் ஒட்டாமல் தடுக்கும்; 'க்ஷ' கூட்டெழுத்தாகிவிடாமல் 'க்'கையும் 'ஷ'வையும் தனித்தனியே காட்டத் தமிழில் பயன்படும். இரண்டாவது ஒட்டவைக்கும். சிங்களத்தில் 'ஸ்ரீ லங்கா' என்பதன் முதற்சொல்லை முறைப்படி எழுத 8205 கட்டாயம் வேண்டும். எமோஜிகளிலும் இத்தகைய குறிகள் உண்டு. சிவப்பு இதயம் பார்வைக்கு ஒன்று. உள்ளே 10084, 65039 என்று இரண்டு எண்கள்.

2024 ஒக்டோபரில் கேர்னலில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டது: இனி இந்தத் தெரியாத குறிகளை நீக்கவேண்டாம், அப்படியே விட்டுவிடுவோம். படிக்க நியாயமானது. ஆனால் அதற்கு முன்பே டிஸ்க்கில் இருந்த சிவப்பு இதயப் பெயர்களுக்கு 65039ஐ நீக்கிவிட்டுத்தான் ஹாஷ் கணக்கிடப்பட்டிருந்தது. புதிய கேர்னல் நீக்காமல் கணக்கிட்டது. வேறு எண் வந்தது, வேறு தட்டைப் போய்ப் பார்த்தது, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்றது. பட்டியலில் கோப்பின் பெயர் தெரிகிறது. திறந்தால் இல்லை, அழித்தாலும் இல்லை. சிங்கள 'ஸ்ரீ'யுடன் பெயரிட்ட கோப்புக்கும் கணக்கு இதேதான். அம்பாறை மாவட்டத்தில் சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளைச் சேமித்துவைப்போருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. டிசெம்பரில் லினஸ் டொர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தையே திரும்பப் பெற்றார். ஹாஷ் பொருந்தாவிட்டால் முதலிலிருந்து வரிசையாகத் தேடிப்பார்க்கும் வழியொன்றும் பின்னர் எஃப்2எஃப்எஸ்ஸில் சேர்க்கப்பட்டது.

128 கிலோபைட் அட்டவணையை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். என்.டி.எஃப்.எஸ் தன் விதியை டிஸ்க்கோடு எடுத்துச் செல்கிறது. எக்ஸ்ட்4உம் எந்த யுனிகோட் பதிப்பு என்று டிஸ்க்கில் குறித்துவைக்கிறது. பதிப்பு எண் மாறாமலே விதி மாறியதால் அந்தக் குறிப்பு பயன்படவில்லை. பெயரை எப்படி ஒப்பிடுவது என்பது மென்பொருளின் விருப்பம் அல்ல, சேமித்த தரவின் ஒரு பகுதி. அதை அப்டேட்டில் தொடக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமேயில்லை.

ஒப்பீட்டு விதியின் தவறு பாதுகாப்பையும் தொட்டிருக்கிறது. நிரலாளர் பயன்படுத்தும் கிட் என்ற கருவி தன் அமைப்புகளை 'கிட்' என்ற பெயருள்ள மறைவான கோப்புறையில் சிம்பிள் எழுத்தில் வைக்கிறது. அந்தப் பெயரில் வெளியார் கோப்பை ஏற்காதிருக்க அதற்குத் தெரியும். ஆனால் முதலெழுத்தைக் கெப்பிட்டலாக்கி, அல்லது நடுவில் ஒரு தெரியாத குறியைச் செருகி அனுப்பினால், கிட்டுக்கு அது வேறு பெயர். விண்டோஸுக்கோ மெக்குக்கோ அதே பெயர். தீய கட்டளையை உள்ளே எழுதிவிடலாம். 2014 டிசெம்பர் 18 அன்று வெளியான 2.2.1 பதிப்பு அந்த ஓட்டையை அடைத்தது.

சரி, பிழை வந்துவிட்டது, என்ன செய்வது? முதலில் எதையும் அழிக்காமல், முழுக் கோப்புறையையும் வேறொரு டிஸ்க்கில் கொப்பி எடுத்துவிடுங்கள். திருத்துவதாக எண்ணிக் கோப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போடுவதுதான் பலர் செய்யும் வேலை. கொப்பி இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. பிறகு பெயரை வாசிக்காதீர்கள், எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் முனையத்தில் பெயர்ப் பட்டியலை பைட்டாக அச்சிடலாம். பைதன் தெரிந்த பிள்ளை என்றால் இரண்டு வரியில் ஒவ்வொரு எழுத்தின் எண்ணையும் காட்டிவிடும். இரண்டு கோணாவத்தையும் அங்கேதான் பிரிந்து தெரியும்.

கெப்பிட்டல் பிழைக்குக் குறுக்குவழி, கோப்புகள் எல்லாவற்றையும் சிம்பிளாக்கிவிட்டு, பக்கத்துக்குள் எழுதிய பெயர்களையும் சிம்பிளாக்குவது. அதற்கு முன், எல்லாவற்றையும் சிம்பிளாக்கினால் ஒன்றோடொன்று மோதும் பெயர்கள் உண்டா என்று பார்க்கவேண்டும். பாமினிச் சேகரிப்பென்றால் கட்டாயம் பார்க்கவேண்டும். அங்கே கெப்பிட்டலை எடுத்துவிட்டால் குடை கடையாகிவிடும். அத்தகைய பெயர்களை முதலில் யுனிகோடுக்கு மாற்றுவதே வழி. விண்டோஸில் கிட் பயன்படுத்துவோர் கெப்பிட்டலை மட்டும் மாற்றினால் கிட் அதைக் கவனியாமல் விடக்கூடும். முதலில் முற்றிலும் வேறொரு பெயர், பிறகு சரியான பெயர் என்று இரண்டு படியாக மாற்றினால் தவறாது.

பிரிந்த கூட்டுக்குறிகளுக்கு லினக்ஸில் கொன்வ்-எம்வி என்ற கருவி உண்டு. பெயர்களைச் சேர்ந்த வடிவுக்கு மாற்றும். உண்மையில் மாற்றுவதற்கு முன், எதை எதுவாக்கப் போகிறது என்று பட்டியல் காட்டும். அந்தப் பட்டியலைப் பொறுமையாக வாசியுங்கள். இரண்டு வடிவமும் ஒரே கோப்புறையில் இருந்தால், சேர்க்கும்போது அவை மோதும். நீளத்தையும் கவனியுங்கள்: லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் அது 85 குறிகள். புள்ளியும் கொம்பும் அரவும்கூட எண்ணிக்கையில் சேரும். விண்டோஸின் எல்லை 255 குறிகள் என்பதால், அங்கே 'மாகாண மட்டத் தமிழ்மொழித் தினப் போட்டி' என்று தொடங்கி ஊர், ஆண்டு, பிரிவு எல்லாம் சேர்த்து வைத்த பெயர் லினக்ஸுக்குக் கொப்பியாகாமல் நின்றுவிடும். செய்தி 'பெயர் நீளம்' என்று வரும்; எண்ணிப் பார்த்தவருக்குக் காரணம் புரியும்.

நீண்டகாலச் சேகரிப்பு என்றால் இத்தனையையும் சுற்றிப் போகும் ஒரு பழக்கம் நம்மிடையே ஏற்கெனவே இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடிச் சேர்த்துவருகிறது. அங்கே ஒரு நூலின் பீ.டி.எஃப் கோப்புக்கு அந்த நூலின் வரிசை எண்ணே பெயர். தலைப்பும் ஆசிரியர் பெயரும் தமிழில், தேடக்கூடியபடி, பட்டியல் பக்கத்தில் இருக்கின்றன. கோப்பின் பெயரில் இலக்கங்கள் மட்டும். இலக்கத்துக்குக் கெப்பிட்டல் இல்லை, கூட்டுக்குறி இல்லை, ஒன்றுக்கு ஒரு பைட்தான். ஒரு பாடசாலையோ பள்ளிவாசலோ தன் பழைய படங்களையும் பதிவேடுகளையும் கணினியில் சேர்க்கத் தொடங்கும்போது, 0001 என்று தொடங்கி எண்ணிட்டு, பக்கத்தில் ஒரு தாளில் அல்லது எக்செல் அட்டவணையில் எண்ணுக்கெதிரே படத்தின் விவரத்தைத் தமிழில் எழுதிக்கொண்டே போகலாம். அந்த அட்டவணைக்குள் கோணாவத்தையை எந்த வடிவில் எழுதினாலும் கோப்பு திறக்கும்.